வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டுப் பொலிஸ் பயிற்சியும் வன்னி மக்களின் உரிமையும்

சென்ற இதழில், ஸ்கொட்லாந்துப் பொலிஸார் இலங்கைப் பொலிஸாருக்கு அளித்துவந்த பயிற்சி 2022ஆம் ஆண்டோடு நின்றுபோனதைப் பற்றி இந்தப் பகுதியில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. வழக்கமான மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இம்முறை இந்த ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைச் சிலர் கேட்டுக்கொண்டபடியும், கேட்காதவர்களுக்கு என் சொந்த முடிவின்படியும் தவிர்த்திருக்கிறேன்.

ஸ்கொட்லாந்துப் பொலிஸார் எதற்காக வந்தார்கள், எதற்காக நிறுத்தினார்கள்? வந்ததால் எங்களுக்குக் கிடைத்தது என்ன, போனதால் குறைந்தது என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்குடியிருப்பு

ஐயா, இந்தத் தொடர்பு தொடங்கியது 2010ஆம் ஆண்டில், அதாவது முள்ளிவாய்க்கால் முடிந்த மறு ஆண்டில். நாங்கள் அப்போது மெனிக் பாம் முகாமில் இருந்தோம், அல்லது அங்கிருந்து திரும்பி வந்து சொந்தக் காணியில் தறப்பாளின் கீழ் குந்தியிருந்தோம். ஸ்கொட்லாந்தின் டலியாலன் என்னும் இடத்திலுள்ள பொலிஸ் கல்லூரி முதலில் இந்தப் பொறுப்பை ஏற்றது. 2013 ஏப்ரலில் அந்நாட்டின் எட்டுப் பொலிஸ் படைகளும் ஒன்றாக்கப்பட்டு 'பொலிஸ் ஸ்கொட்லாந்து' உருவானபோது, அது இந்தப் பணியைத் தொடர்ந்தது. சமூகப் பொலிஸ் சேவை, தலைமைத்துவம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எதிரான வன்முறைகளைக் கையாளும் முறை ஆகியவை பாடங்களில் முக்கியமானவை. கொழும்பிலுள்ள பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்கீழ் இது பின்னாளில் நடந்தது.

நிறுத்தப்பட்டதன் பின்னணியையும் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 46/1 என்னும் தீர்மானத்தை நிறைவேற்றி, இலங்கையில் நடந்த குற்றங்கள் தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பயிற்சி இடைநிறுத்தப்பட்டது. நவம்பரில், 2022 மார்ச்சில் முடிவடையும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று பொலிஸ் ஸ்கொட்லாந்து அறிவித்தது. ஸ்கொட்லாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும், மனித உரிமை அமைப்புகளும், புலம்பெயர்ந்த எம்மவர்களும் விடாமல் கேள்வி எழுப்பியதன் பலன் அது என்றே நான் கருதுகிறேன்.

கிடைத்தது என்ன என்று கேட்கிறீர்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதினால் அது நேர்மையாகாது. அடிபட்டு வரும் ஒரு பெண்ணை விறாந்தையில் நிற்கவைக்காமல் உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று ஓர் உத்தியோகத்தர் கற்றுக்கொண்டிருந்தால், அது எந்த நாட்டார் கற்பித்ததாயினும் நல்லதுதான். ஆனால் எங்கள் பகுதியில் ஒரு பொலிஸ் நிலையத்தின் வாசலைத் தாண்டியவுடன் எதிர்ப்படும் முதல் தடையை அந்தப் பாடங்கள் தொடவில்லை. அதை நான் நேரில் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் மூதாட்டி ஒருவரின் சினைப்பசு களவுபோனது. முறைப்பாடு கொடுக்க அவருக்குத் துணையாகப் போனேன். பொலிஸ் நிலையத்தில் இருந்த இளம் கான்ஸ்டபிள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். கதிரை எடுத்துப் போட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பெயர் என்ன, வயது என்ன, மாடு எத்தனை என்று கேட்குமளவுக்கு அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அம்மா தன் பசுவின் நிறம், கொம்பின் வளைவு, பின்தொடையில் சுடப்பட்ட குறி, அந்தக் குறி தன் தகப்பன் காலத்திலிருந்து குடும்பத்துக்கு உரியது என்பது வரை எல்லாவற்றையும் சொன்னார். குறியைக் காற்றில் விரலால் வரைந்தும் காட்டினார். கான்ஸ்டபிள் தலையாட்டிக்கொண்டே முறைப்பாட்டுப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார். "தம்பி, சினைமாடு எண்டு எழுதினனியளோ?" என்று அம்மா கேட்டார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்; அந்தச் சொல் அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அம்மா, தன்னால் வாசிக்க முடியாத அந்தப் பக்கத்தின் அடியில், எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்து வைத்தார். சில வாரங்களின் பின் களவுமாடுகள் சில பிடிபட்டன. அவற்றில் ஒன்று தன்னுடையது என்று அம்மா அடித்துச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன குறி புத்தகத்தில் இருக்கவில்லை. "ஒரு மாடு" என்று மட்டுமே இருந்தது.

அந்தக் கான்ஸ்டபிள் கெட்டவரல்லர். அவருக்குப் பண்பு கற்பிக்க ஸ்கொட்லாந்திலிருந்து எவரும் வரத் தேவையில்லை. அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தமிழ் மக்களே வாழும் ஒரு பிரதேசத்துக்குத் தமிழில் எழுதத் தெரியாத ஒருவரை வாக்குமூலம் பதிய அனுப்பியவர்களே இதற்குப் பொறுப்பு. 1987ஆம் ஆண்டிலிருந்து தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி.

போனதால் குறைந்தது என்ன என்ற கேள்விக்கு என் பதில் இது: குறைந்தது ஒரு நற்சான்றிதழ். 2017 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஐ.நா. விசேட அறிக்கையாளர் பென் எமர்சன், 2016இன் பிற்பகுதியில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானவர்களில் 80 வீதமானோர் சித்திரவதை பற்றி முறையிட்டிருந்ததாகக் கூறினார். அப்போது ஸ்கொட்லாந்துப் பயிற்சி ஏழாவது ஆண்டில் இருந்தது. உலக அரங்கில் சித்திரவதை பற்றிப் பேசப்படும்போதெல்லாம் "எங்கள் பொலிஸார் பிரித்தானியாவில் பயின்றவர்கள்" என்று சொல்லத்தக்க ஒரு மறைப்பு இருந்தது. இப்போது அந்த மறைப்பு இல்லை.

விசேட அதிரடிப்படையை உருவாக்கியதே வெள்ளைக்காரர் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?
– இளைஞர், மன்னார்

பொலிஸின் ஒரு பிரிவான அந்தப் படையை உருவாக்கியது இலங்கை அரசாங்கம். தொடக்க காலப் பயிற்சியை அளித்தவர்களைப் பற்றித் தாத்தா சொன்னது சரி. 1984இல், கே.எம்.எஸ். என்னும் பிரித்தானியத் தனியார் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்தப் பணிக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். பிரித்தானிய விசேட வான் சேவைப் படையில் இருந்து விலகியவர்கள் நடத்திய நிறுவனம் அது. களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தையில் பயிற்சி நடந்தது. அங்கு பயின்ற படை கிழக்கு மாகாணத்துக்கு அனுப்பப்பட்டது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்த படுகொலை அந்தக் காலத்துக்கு உரியது. அந்நிறுவனத்தின் ஆட்கள் இலங்கையில் செய்தவை தொடர்பாக இலண்டன் மாநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு விசாரணை தொடங்கியது 2020இல்தான். இடையில் ஒரு தலைமுறைக்கும் மேல் கழிந்துவிட்டது.

அரசாங்கம் நேரடியாக அனுப்பினால் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். தனியார் நிறுவனம் வந்தால், "அது அவர்களின் வியாபாரம்" என்று அரசாங்கம் கைகழுவிவிடலாம். இன்று பயிற்சி பற்றிய செய்திகளைப் படிக்கும்போது, அனுப்பியவர் யார், கூலி கொடுத்தவர் யார் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

இதே அதிரடிப்படையினர் பிற்காலத்தில் சம்பந்தப்படுத்தப்பட்ட திருகோணமலை மாணவர் கொலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2006 ஜனவரி 2ஆம் திகதி, கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2013இல் 13 பேர் கைதானார்கள். 2019 ஜூலையில் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பலர் அச்சத்தால் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள்.

பயிற்சி பற்றியெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. சிவில் உடையில் வந்தவர்கள் என் இளைய மகனை விசாரணைக்கென்று கூட்டிச்சென்று ஒரு பகல் முழுவதும் வைத்திருந்து விட்டார்கள். மூத்தவனை நான் 2009இல் ஒப்படைத்துவிட்டு இன்னும் தேடுகிறேன். இனி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், பரந்தன்

அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அன்றைக்கு வேறு கடிதம் எதையும் என்னால் பிரிக்க முடியவில்லை. மூத்த மகனைப் பற்றி ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதியிலிருந்து கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் இருந்த தாய்மாருக்கு நாடு இன்னும் பதில் சொல்லவில்லை. இளைய மகனுக்காகச் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்; இந்தப் பக்கத்தை வெட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் யார், எந்தப் பொலிஸ் நிலையம் அல்லது எந்தப் பிரிவு, எங்கே கொண்டு போகிறார்கள், என்ன காரணம் என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டியது அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரையின்படி அவர்களுடைய கடமை. வாகன இலக்கத்தையும் நேரத்தையும், பிள்ளைகளின் கொப்பியாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே எழுதுங்கள். அயலவர் ஒருவரையாவது கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்கவையுங்கள். சாதாரண சட்டத்தின்கீழ் கைதான ஒருவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் என்றால் 72 மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம். தடுப்புக்காவல் உத்தரவு பெற்றால் அது நீளும். முன்பு 18 மாதம் வரை நீட்டக்கூடியதாக இருந்ததை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 12 மாதமாக்கியது. அந்தச் சட்டத்தின்கீழ் கைது செய்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவும் வேண்டும். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே 1996 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தில் உங்கள் சார்பில் சட்டத்தரணி முன்னிலையாக 2012ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

மகன் திரும்பி வரும்போது உடம்பில் காயம் இருந்தால், அதைக் கழுவி மருந்து கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், எப்படிக் காயம் வந்தது என்பதை அவன் வாயாலேயே வைத்தியருக்குச் சொல்லச் செய்யுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை இல்லாத வழக்கு, நீதிமன்றத்தில் நிற்பது மிகக் கடினம். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். வன்னியிலிருந்து கொழும்புக்கு ஒரு மாதத்துக்குள் போவது எங்களில் எத்தனை பேருக்கு முடியும்? ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது. இதை அறியாமல் உரிமையை இழந்தவர்கள் ஏராளம்.

வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட எதிலும் மகன் கையெழுத்து வைக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். பொதுவான சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தது சான்றாகிவிடும். தனக்கு விளங்காத காகிதத்தில் வைத்த ஒரு கையெழுத்துக்காகப் பத்து, பதினைந்து ஆண்டுகளைச் சிறையில் கழித்த பிள்ளைகளை வன்னியில் எல்லோருக்கும் தெரியும்.

பயிற்சி கொடுக்கும் நாடுகள், தாங்கள் பயிற்றுவிப்பவர் யார் என்பதைப் பார்ப்பதில்லையா?
– நெடுங்கேணி வாசகர்

பார்ப்பதற்கான விதிகள் இருக்கின்றன. அமெரிக்கா பட்டுத் தெளிந்த கதை முக்கியமானது. 1962 முதல் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அலுவலகம் இலத்தீன் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் பொலிஸாரைப் பயிற்றுவித்தது. பயின்றவர்கள் தங்கள் மக்களைச் சித்திரவதை செய்வது வெளிப்பட்டபின், 1974இல் அந்நாட்டுக் காங்கிரஸ் வெளிநாட்டுப் பொலிஸ் பயிற்சியையே தடைசெய்தது. பிறகு விதிவிலக்குகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. 1997இல் வந்த லேஹி சட்டம், பாரிய உரிமை மீறல் பற்றி நம்பத்தகுந்த தகவல் உள்ள எந்தப் படைப்பிரிவுக்கும் உதவக் கூடாது என்கிறது. பிரித்தானியா 2011இல் வெளிநாட்டுப் பாதுகாப்பு உதவிகளுக்கான மனித உரிமை மதிப்பீட்டு வழிகாட்டியை வெளியிட்டது. ஐ.நா.வும் அதே ஆண்டில் தனக்கென ஒரு கொள்கையை வகுத்தது.

காகிதத்தில் இவை நல்லவை. ஆனால் மதிப்பீடு பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கிறது. அடிபட்டவரிடம் எவரும் கேட்பதில்லை. கொடுக்கும் நாட்டுக்குத் தன் தேவை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. போதைப்பொருள், பயங்கரவாதம், அகதிப் படகு ஆகியவை அந்தத் தேவைகள். 2013 நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்குக் கொழும்பு வந்த அவுஸ்திரேலியப் பிரதமர் டொனி அபொட், படகுகளைத் தடுப்பதற்காக இலங்கைக்கு இரண்டு ரோந்துக் கலங்களை வழங்குவதாக அறிவித்தார். சித்திரவதை பற்றிக் கேட்கப்பட்டபோது, கடினமான சூழலில் கடினமானவை நடந்துவிடுவதுண்டு என்ற கருத்தில் பதிலளித்தார். அந்தப் படகுகளில் ஏறியவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நீங்கள் பயிற்சியை எதிர்ப்பதுபோல் தெரிகிறது. பயிற்சியே இல்லாத பொலிஸ் இன்னும் மோசமாக இருக்காதா? வேறு வழி என்ன?
– பல்கலைக்கழக மாணவி, வவுனியா

தங்கச்சி, உங்கள் கேள்வி நியாயமானது. நானும் பல நாள் இதையே எனக்குள் கேட்டிருக்கிறேன். பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. அடித்தவர் பதவியில் இருக்கும்போது கொடுக்கப்படும் பயிற்சியைத்தான் எதிர்க்கிறேன்.

2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸாரின் சூட்டில் இறந்தார்கள். ஒருவர் எங்கள் கிளிநொச்சிப் பிள்ளை. முதலில் அது விபத்தென்றே சொல்லப்பட்டது. துப்பாக்கியை எப்போது பயன்படுத்தலாம் என்பதை 1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐ.நா. கோட்பாடுகள் தெளிவாகக் கூறுகின்றன. அவற்றை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். சுட்டதை விபத்தென்று சொன்னால் தப்பலாம் என்ற நம்பிக்கையை எந்தக் கல்லூரியும் எடுத்துவிட முடியாது. அதை நீதிமன்றந்தான் எடுக்க முடியும்.

சில வேளைகளில் எடுத்தும் இருக்கிறது. 2011இல் சுன்னாகம் பொலிஸாரால் பிடிக்கப்பட்ட இளைஞர் ஒருவரின் உடல், பிறகு இரணைமடுக் குளத்தில் மிதந்தது. நாங்கள் நெல்லுக்குத் தண்ணீர் எடுக்கும் அதே குளத்தில். 2017இல் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் பொலிஸார் பலருக்குச் சித்திரவதைக் குற்றத்துக்காகப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடுப்புச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனை அது. என் கணிப்பில், பத்தாண்டுப் பயிற்சி வகுப்புகளை விட அந்த ஒரு தீர்ப்பு வடக்கிலுள்ள பொலிஸ் நிலையங்களில் அதிகம் பேசப்பட்டிருக்கும்.

எதிர்த்திசையில் போன உதாரணமும் உண்டு. 2023 டிசம்பரில், ஒருவரைச் சித்திரவதை செய்து அவருடைய அடிப்படை உரிமையை மீறியதற்கு மூத்த பொலிஸ் அதிகாரியான தேசபந்து தென்னக்கோனும் பொறுப்பென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதம் கழித்து அவரே பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவரைப் பணியாற்ற விடாது இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் அவரைப் பதவிநீக்கியது. முடிவு நல்லதாயினும், அந்த இடைப்பட்ட மாதங்களில் ஒரு சாதாரண சார்ஜன்ட் என்ன பாடத்தைக் கற்றிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

வேறு வழி என்ன என்பதற்கு, பயிற்சி அனுப்பிய பிரித்தானியாவின் ஆட்சிக்குள்ளேயே விடை இருக்கிறது. வட அயர்லாந்தில் 1998இல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டபோது, அங்கிருந்த பொலிஸ் படையில் கத்தோலிக்கர் ஏறக்குறைய 8 வீதம் மட்டுமே. கத்தோலிக்க மக்கள் அந்தச் சீருடையை எப்படிப் பார்த்தார்கள் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1999இல் பட்டன் ஆணைக்குழு 175 பரிந்துரைகளை முன்வைத்தது. 2001 நவம்பரில் படையின் பெயர் மாறியது, சின்னமும் மாறியது. புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டமாக்கி, அதைப் பத்தாண்டுகள் நடைமுறைப்படுத்தினார்கள். 2011 அளவில் அவர்களின் பங்கு ஏறக்குறைய 30 வீதமானது. முறைப்பாடுகளைப் பொலிஸாரே விசாரிக்கும் வழக்கத்தை விட்டு, அதற்கெனச் சுதந்திரமான ஒரு குறைகேள் அதிகாரியின் அலுவலகத்தை ஏற்படுத்தினார்கள். அங்கே பிரச்சினைகள் முடிந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொலிஸில் யார் இருக்கிறார்கள், அவர்களை யார் விசாரிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார்கள்.

எல் சல்வடோரில் 1992 சமாதான உடன்படிக்கையின்பின் பழைய பாதுகாப்புப் படைகளைக் கலைத்து, புதிய சிவில் பொலிஸை உருவாக்கினார்கள். பழைய பொலிஸாருக்கு 20 வீதம், முன்னாள் கெரில்லாக்களுக்கு 20 வீதம், மிகுதி இரு தரப்பையும் சேராதவர்களுக்கு. பின்னாளில் அந்தப் பொலிஸ்மீதும் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்களுக்கும் ஒரு தொடக்கம் எழுத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தை வழங்கியது. 2013இல் தெரிவான வட மாகாண சபை தன் ஐந்தாண்டுக் காலத்தையும் முடித்துக்கொண்டு போனது. அந்த அதிகாரம் ஒரு நாளும் கைக்கு வரவில்லை. உதவ விரும்பும் நாடுகள் பாடப் புத்தகங்களோடு வராமல், இதை ஏன் நடைமுறைப்படுத்தவில்லை என்று கேட்டுக்கொண்டு வரட்டும்.

அப்படியானால் தமிழீழக் காவல்துறைக் காலமே நல்லது என்கிறீர்களா? கிளிநொச்சியில் அப்போது களவே இல்லை என்பார்கள்.
– மாங்குளம் வாசகர்

களவு குறைவாக இருந்தது. முறைப்பாட்டைத் தமிழில் சொல்லித் தமிழில் எழுதுவிக்க முடிந்தது. பெண்கள் பெண்களிடமே பேச முடிந்தது. அதை நினைத்து ஏங்குபவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காவல்துறையும் ஓர் இயக்கத்துக்கே பதில் சொன்னது, மக்களுக்கல்ல. மாற்றுக்கருத்துடையவர்கள் தடுத்துவைக்கப்பட்ட இடங்களுக்கு எந்தச் சட்டத்தரணியும் போகவில்லை. சிலர் திரும்பி வரவில்லை. அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். தமிழில் விசாரித்துக்கொண்டு அடித்தாலும் வலி குறையாது. நான் கேட்கும் உரிமை, யார் ஆண்டாலும் செல்லுபடியாக வேண்டிய உரிமை.

என் மகள் உயர்தரம் முடித்துவிட்டாள். பொலிஸில் சேரப் போகிறேன் என்று நிற்கிறாள். சொந்தக்காரர் காறித் துப்புவார்கள் என்று பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு தகப்பன், முல்லைத்தீவு

அண்ணை, அனுப்புங்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு இப்படிச் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அவள் ஒருத்தி போவதால் படை மாறிவிடாது. அந்த நம்பிக்கையோடு அவளை அனுப்பினால் அவள் மனம் உடைந்துதான் வருவாள். அங்கே தவறான கட்டளையும் அவளுக்கு வரலாம். சட்டத்துக்கு மாறான கட்டளையை மறுக்க வேண்டும் என்பதையும், மேலிடம் சொன்னது என்பது சித்திரவதைக்குச் சாட்டாகாது என்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது என்பதையும் போகுமுன் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். சிங்களத்தையும் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்; மொழி தெரியாதவளை மேலதிகாரிகள் தேநீர் ஊற்றவும் மொழிபெயர்க்கவும் மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

துப்புகிற உறவினருக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. அவர்களில் ஒருத்திக்கு நாளைக்கு ஒரு முறைப்பாடு கொடுக்க வேண்டி வரும். அப்போது அந்த மேசைக்குப் பின்னால் "சினைமாடு" என்றால் விளங்குகிற ஒருத்தி இருக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதி, குறியையும் பக்கத்தில் வரைந்து, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்க வேண்டும்.

பயிற்சி முடிந்து மகளை எந்த நிலையத்துக்கு அனுப்புகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எங்கள் ஒழுங்கை மூதாட்டி இன்னும் இருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டும்.